அரியநாச்சியும் உபயோகமில்லாத நாயும்

இன்றைக்கு நாம் கவலைப்படுகிற எதுவும் இன்னும் பிறக்காத காலம் அது. அந்தக் காலத்தில் மருதவேலி என்று ஒரு நகரம் இருந்தது. அங்கேயும் கவலைக்குக் குறைவில்லை.

சின்னவர்களே, பெரியவர்களே, கையில் வேலை இருந்தால் அதைச் செய்துகொண்டே கேளுங்கள். அடுப்பில் பால் வைத்தவர்கள் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பொங்கியிருக்காது. ஆனாலும் பாருங்கள். பார்க்காவிட்டால் கதை காதில் ஏறாது. எனக்குத் தெரியும்.

மருதவேலியின் ராஜா நல்லவர். அரண்மனை வாசலில் ஒரு பெரிய வெண்கல மணியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். குறை உள்ளவர்கள் யாராக இருந்தாலும் அதன் கயிற்றை இழுக்கலாம். சத்தம் கேட்டால் ராஜா எந்த வேலையில் இருந்தாலும் வந்தாக வேண்டும். சோற்றில் கை வைத்திருந்தால் கையைக் கழுவிவிட்டு வர வேண்டும். எண்ணெய் தேய்த்து உட்கார்ந்திருந்தால் எண்ணெயோடு வர வேண்டும். அது அவரே போட்ட சட்டம். போடும்போது அவருக்கு அரியநாச்சியைத் தெரியாது.

அரியநாச்சி பொரி வறுப்பவள். கீழத்தெருவில் குடிசை, குடிசைக்கு முன்னால் அடுப்பு, அடுப்பின் மேல் மணல் சட்டி. வயது நாற்பத்தைந்து. அவள் கணவன் உப்பு வண்டியோடு போகிறவன், மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவான். உப்பு வண்டி வேலை கடினமானது. வெயில், புழுதி, வழிப்பறிக் கள்ளர் பயம். ஆனாலும் அவன் அந்த வேலையை விடவில்லை. ஏன் விடவில்லை என்று ஊரில் யாரும் அவனைக் கேட்டதும் இல்லை.

அரியநாச்சியிடம் கெட்ட குணம் எதுவும் இல்லை. கவலை மட்டும்தான். மழை வந்தால் விறகு நனையுமே என்று கவலை. வராவிட்டால் நெல் விளையாதே என்று கவலை. தூறலோடு நின்றுவிட்டால், இது வந்த மழையா வராத மழையா என்று கவலை.

சிரிக்காதீர்கள். அவளுக்கும் எனக்கும் ஒரே நட்சத்திரமாக இருக்கும்.

ஒருநாள் அவள் மணியை அடித்தாள். ராஜா பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடி வந்தார். ராஜாக்கள் எப்படிப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் தெருக்காரர்கள் பேசுகிற மாதிரிதான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"என்னம்மா குறை?" என்றார் ராஜா.

"பக்கத்து வீட்டுத் தென்னை சாஞ்சிருக்கு ராஜா. விழுந்தா என் வீடு என்னாகும்?"

ராஜா ஆள் அனுப்பிப் பார்த்தார். மரம் சாய்ந்துதான் இருந்தது. ஆனால் அந்தப் பக்கமாக.

இரண்டாம் முறை அடித்தாள். ராஜா தலையில் எண்ணெய் வழிய வந்தார்.

"எறும்பெல்லாம் வரிசையா வடக்குப் பார்த்துப் போகுது ராஜா. தெக்கே ஏதோ வரப்போகுது."

தெற்கே ஆட்கள் போய்ப் பார்த்தார்கள். வடக்கே யாரோ வெல்லம் சிந்தியிருந்தார்கள்.

மூன்றாம் முறை அடித்தாள். ராஜா அப்போதுதான் மத்தியானம் கண் அசந்திருந்தார்.

"மூணு நாளா எனக்கு ஒரு கவலையும் இல்ல ராஜா," என்றாள் அரியநாச்சி. அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. "இப்படி இருந்ததே கிடையாது. பெருசா என்னமோ வரப்போகுது."

ராஜா நெற்றியைத் தடவிக்கொண்டு உள்ளே போனார். அந்த வருஷம் அவர் மிகவும் இளைத்துப்போனார். மணிக்குக் காவல் நின்ற சுடலைக்கண்ணு, அவளைத் தெருமுனையில் கண்டாலே சமையல்கட்டுக்குச் சத்தம் கொடுப்பான்: "சோத்தை மூடி வைங்க! அக்கா வருது!"

இப்படி இருக்கும்போது, ஒரு நாள் காலையில் அரியநாச்சி விறகு பொறுக்கப் போனாள். ஊருக்கு வெளியே ஒரு பாழுங்கிணறு. அதற்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. எட்டிப் பார்த்தாள். தண்ணீர் இல்லாத கிணற்றின் அடியில் செம்பட்டை நிறத்தில் ஒரு நாய், பின்னங்கால் மடங்கிக் கிடந்தது.

அவள் அரண்மனைக்கு ஓடினாள்.

"தம்பி, கிணத்துல ஒரு நாய் கிடக்கு!"

சுடலைக்கண்ணு அவளை மேலும் கீழும் பார்த்தான். "விழுந்து கிடக்கா? இல்ல, விழுந்துடுமோன்னு இருக்கா?"

"விழுந்துருச்சு தம்பி."

"நிசமாவா?"

"என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"அப்ப இதுதான் முதல் தடவை," என்றான் அவன். "ஆனா ராஜா ஊர்ல இல்லயே அக்கா. குளம் பார்க்கப் போயிருக்காரு. நாளைக்கு வா."

அரியநாச்சி அப்படியே நின்றாள். இத்தனை நாளும் அவள் கவலையைக் கொண்டுவந்து ராஜாவின் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவாள். இன்றைக்குக் கொடுக்க ஒரு கை இல்லை. கவலை அவள் கையிலேயே இருந்தது. அதுவும் நிஜமான கவலை.

மூன்று முறை மூச்சு விட்டாள். பிறகு அங்கே சாத்தியிருந்த ஏணியில் ஏறி மணிக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"ஐயோ அக்கா! அது ராஜாவோட கயிறு!"

"அது நாய்க்குத் தெரியாது. ஏணியைப் பிடி நீ!"

சுடலைக்கண்ணு திட்டிக்கொண்டே கூட வந்தான். போகிற வழியில் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்ட பொரிக்கூடையைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார்கள். நாய் கூடையைப் பார்த்துக் குரைத்தது, கடித்தது, ஏற மறுத்தது. அரியநாச்சி மேலேயிருந்து ஒரு பிடி பொரியைக் கூடைக்குள் போட்டாள். நாய் உடனே ஏறி உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தது. மேலே வந்து சேரும்வரை தின்றுகொண்டே இருந்தது. தன்னைக் காப்பாற்றுகிறார்கள் என்பதுகூட அதற்குத் தெரிந்த மாதிரி இல்லை.

"கால் ஆறுற வரைக்கும்தான்," என்று அரியநாச்சி அதனிடம் கண்டிப்பாகச் சொன்னாள். நாய் கேட்டுக்கொண்டது. கால் ஆறியது. கட்டைவிரல் அளவு குட்டையாக ஆறியது. நாய் போகவில்லை. அதற்குப் பொரி மேல் அவ்வளவு ஆசை. அதனால் பொரியன் என்று பேர் வைத்தாள்.

கதைகளில் வருகிற நாய்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். குழந்தையைப் பாம்பிடமிருந்து காக்கும். திருடன் காலைக் கவ்வும். எஜமானுக்காக உயிரை விடும். பொரியன் அப்படி எதையும் செய்யவில்லை. நான் இட்டுக்கட்டியும் சொல்லப்போவதில்லை. அது தின்றது, தூங்கியது, நொண்டி நொண்டித் தெருவில் நடந்துவிட்டு வந்து மறுபடியும் தின்றது.

ஆனாலும் அந்த வீட்டில் என்னமோ நடந்தது.

பொரி வறுக்க முதலில் மணல் நன்றாகக் காய வேண்டும். காயாத மணலில் அரிசியைப் போட்டால் பொரியாது, கல்லாய்க் கிடக்கும். அரியநாச்சி ஒருநாளும் மணலைக் காயவிட்டதில்லை. விறகு தீர்ந்துவிடுமோ, வந்த ஆள் திரும்பிப் போய்விடுவாரோ என்று பதறிப் பதறி முன்கூட்டியே அரிசியைக் கொட்டிவிடுவாள். கீழத்தெருவில் பல் போனவர்களைக் கேட்டால், பாதிப்பேர் அவள் பொரியைத்தான் சொல்வார்கள்.

இப்போது அவள் அரிசியை எடுக்கக் கை நீட்டினால் பொரியன் வந்து தன் தாடையை அவள் முழங்கையில் வைத்துவிடும். சொறியும் வரைக்கும் எடுக்காது. அவள் சொறிவாள். "போதுமா? போதும்ல? இன்னும் என்ன?" என்று திட்டிக்கொண்டே சொறிவாள். அதற்குள் மணல் காய்ந்துவிடும். அரிசி விழுந்ததும் மல்லிகை மாதிரி மலரும். அவள் வறுக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று தெரு பேசியது. அவள் கற்றுக்கொள்ளவில்லை. மணல் காயும் வரை நாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

இடி இடித்தால் பொரியன் நடுங்கும். அது தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். அரிசிப் பானைக்குப் பின்னால் போய் மூக்கை நுழைத்துக்கொண்டு, அரியநாச்சியை விட அதிகமாக நடுங்கும். ஆனால் இடி நின்றதும் அதன் நடுக்கமும் நின்றுவிடும். உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, தட்டு எங்கே என்று பார்க்கும். அரியநாச்சி இதைக் கவனித்தாள். அவள் இடி வருவதற்கு முந்தின நாளே நடுங்க ஆரம்பிப்பாள், போன மறுநாளும் நடுங்குவாள். ஒரு இடிக்கு மூன்று நாள் நடுக்கம். நாய்க்கு ஒரு இடிக்கு ஒரு இடி நேர நடுக்கம்.

"நீ கெட்டிக்காரன்டா," என்றாள் அதனிடம். பொரியன் கொட்டாவி விட்டது.

அவள் கவலையை விட்டுவிட்டாள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நீங்களும் நம்பக் கூடாது. ஆனால் காலையில் ஒரு கவலை வந்து மணியடிக்கப் புறப்பட்டால், நாயும் கூடப் புறப்படும். ஒவ்வொரு மரமாக நின்று மோந்து பார்க்கும். ஒவ்வொரு திண்ணையில் இருப்பவரிடமும் வாலை ஆட்டும். அரண்மனை போய்ச் சேருவதற்குள் அவளுக்கு என்ன கவலை என்று மறந்துவிடும். வாசல் வரை போய், சுடலைக்கண்ணுவிடம், "சும்மா வந்தேன் தம்பி, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்புவாள்.

மூன்று மாதம் மணி அவள் கையால் அடிக்கவில்லை. ராஜாவின் கன்னம் நிறைந்தது. அவருக்கே ஒருநாள் கவலை வந்து, "அந்த அம்மாவுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டார்.

நல்லது நடந்துகொண்டிருக்கும்போது இப்படிக் கேட்கக் கூடாது. கேட்டார், வந்தது.

திருவிழாவில் மந்திரி பல்லக்கில் வந்தார். புதுப் பட்டு உத்தரீயம் போட்டிருந்தார். எங்கிருந்தோ வந்த ஒரு தெருநாய் அதன் முனையைக் கவ்விக்கொண்டு ஓடியது. தேர் பார்க்க வந்த ஜனமெல்லாம் திரும்பி மந்திரியைப் பார்த்தது. மறுநாளே தண்டோரா போட்டார்கள். காவல் காக்கிற நாய் இருக்கலாம். வேட்டைக்குப் போகிற நாய் இருக்கலாம். மந்தை மேய்க்கிற நாய் இருக்கலாம். இந்த மூன்றுக்கும் உதவாத நாயெல்லாம் ஆற்றுக்கு அக்கரை. வளர்ப்பவர்கள் மூன்று நாளில் தங்கள் நாயின் உபயோகத்தைக் காட்ட வேண்டும்.

அக்கரையில் காடு. காட்டில் சிறுத்தை. நான்கு கால் நாய்க்கே அங்கே ஒரு வாரம் என்று கணக்குச் சொல்வார்கள். பொரியனுக்கு மூன்றரைக் கால்.

முதல் நாள் காவல் சோதனை. மந்திரியின் ஆள் ஒருவன் முகத்தில் கரி பூசிக்கொண்டு அரியநாச்சியின் குடிசைக்குள் நுழைந்தான். பொரியன் வாலை ஆட்டி வரவேற்றது. அவன் அண்டாவைத் தேடினான். அது முன்னால் நடந்து, அண்டா இருக்கிற இடத்தில் போய் நின்றது. கடைசியில் திருடனும் நாயும் ஆளுக்கு ஒரு பிடி பொரி தின்றுகொண்டிருந்ததை மந்திரி ஓலையில் எழுதிக்கொண்டார்.

இரண்டாம் நாள் வேட்டைச் சோதனை. மைதானத்தில் ஒரு முயலை விட்டார்கள். பொரியன் அதைப் பார்த்தது. பிறகு நிழல் இருந்த இடத்தைப் பார்த்தது. நிழலில் போய்ப் படுத்தது. சற்று நேரம் பொறுத்துப் பார்த்த முயல், என்ன ஆயிற்று இதற்கு என்று கிட்ட வந்து மோந்து பார்த்தது. அரியநாச்சி ஓரத்தில் நின்று, முயல் கடித்துவிடுமோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் மந்தைச் சோதனை. பத்து ஆடுகளைப் பட்டிக்குள் அடைக்க வேண்டும். ஆடுகள் பொரியனைப் பட்டிக்குள் அடைத்தன.

ஊரே சிரித்தது. நானாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அரியநாச்சி சிரிக்கவில்லை. நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை சபையில் ராஜா தீர்ப்புச் சொல்வார்.

சுடலைக்கண்ணு வந்தான். "அக்கா, நான் ஒரு வழி சொல்றேன். போன மாசம் உன் வீட்டுக்குள்ள பாம்பு வந்துச்சு, இது கடிச்சுக் கொன்னுச்சுன்னு சொல்லு. நான் சாட்சிக்கு வர்றேன்."

அரியநாச்சி யோசித்தாள். ஆசையாகத்தான் இருந்தது.

"என்ன பாம்புன்னு கேட்டா?" என்றாள்.

"நல்ல பாம்பு."

"நல்ல பாம்புக்குப் பாலூத்தினியான்னு கேட்டா? எங்க பொதைச்சேன்னு கேட்டா? தோண்டிக் காட்டுன்னு சொன்னா? தோண்டினா பாம்பு இருக்காதே, அப்ப என்ன பண்றது?"

"கட்டுவிரியன்னு சொல்லேன்."

"கட்டுவிரியன் ஜோடியா வருமாமே. இன்னொண்ணு எங்கேன்னு கேட்டா?"

சுடலைக்கண்ணு கும்பிட்டான். "வேண்டாம் அக்கா. நீ உண்மையே சொல்லிடு."

சிலர் நல்ல குணத்தால் உண்மை பேசுவார்கள். அரியநாச்சி மாதிரி ஆட்கள் பொய்யைக் காப்பாற்றத் தெம்பில்லாமல் பேசுவார்கள். கேட்பவர்களுக்கு ரெண்டும் ஒன்றாகத்தான் தெரியும், அதுவரைக்கும் லாபம்.

மறுநாள் சபை கூடியது. அரியநாச்சி நாயோடு போய் நின்றாள்.

அன்றைக்கு ராஜாவின் முகம் சரியில்லை. பக்கத்து நாட்டு ராஜாவிடமிருந்து ஒரு ஓலை வந்திருந்தது. உன் நாட்டார் எங்கள் எல்லையை மிதித்தார்கள், கேட்க ஆளில்லையா என்று எழுதியிருந்தது. மூன்று நாளாக ராஜாவுக்கு அந்த ஓலையே நெஞ்சில் முள்ளாக இருந்தது. பதிலுக்குப் போர் ஓலை அனுப்புவது என்று முடிவு செய்திருந்தார். எழுத்தர் எழுத்தாணியோடு தயாராக உட்கார்ந்திருந்தார்.

மருதவேலியில் ஒரு வழக்கம் இருந்தது. ராஜா உட்கார்ந்து சொன்னால் அது பேச்சு. எழுந்து நின்று சொன்னால்தான் தீர்ப்பு. நாய்க்கானாலும் சரி, போருக்கானாலும் சரி, ராஜா நிற்க வேண்டும்.

மந்திரி மூன்று நாள் சோதனையையும் வாசித்தார். ஆடு அடைத்ததை இரண்டு முறை வாசித்தார்.

"நீ என்னம்மா சொல்ற? இந்த நாயால என்ன உபயோகம்?" என்றார் ராஜா.

"ஒண்ணும் இல்ல ராஜா," என்றாள் அரியநாச்சி. "அது வந்து என்கிட்ட உட்காரும். என் கை நடுங்குறது நிக்கும். அவ்வளவுதான்."

பின்னாலிருந்து சுடலைக்கண்ணு பொறுக்க முடியாமல் கத்தினான். "மூணு மாசமா அக்கா மணி அடிக்கல ராஜா! சூடா சாப்பிடுறீங்களே, அது யாரால?"

சபை சிரித்தது. மந்திரி சிரிக்கவில்லை. "சட்டத்தில் உபயோகம் மூணுதான் எழுதியிருக்கு. ஒரு பொம்பளையைப் பேசாம வைக்கிறது அதுல இல்ல," என்றார்.

ராஜா பெருமூச்சு விட்டார். சட்டம் சட்டம்தான். தீர்ப்புச் சொல்ல எழுந்திருக்கப் போனார். முடியவில்லை.

கீழே பார்த்தார். இவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் பொரியன் நொண்டி நொண்டிப் படியேறிப் போயிருக்கிறது. சிம்மாசனத்துக்குக் கீழே கல் குளிர்ச்சியாக இருந்திருக்கிறது. ராஜாவின் இரண்டு பாதங்களின் மேலும் வசதியாகப் படுத்து, கண்ணை மூடிவிட்டது.

"எழுந்திருங்க ராஜா," என்றார் மந்திரி.

"தூங்குதே," என்றார் ராஜா.

"காலை உதறுங்க."

ராஜா காலைப் பார்த்தார். நாயின் வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. குட்டையான கால் தனியாக ஒரு துடி துடித்து அடங்கியது. "இப்பதான்யா கண் அசந்திருக்கு," என்றார் மெல்லிய குரலில். "முழிக்கட்டும்."

சபை காத்திருந்தது. அரை நாழிகை ஆனது. நாய் முழிக்கவில்லை. ஒரு நாழிகை ஆனது. சேனாதிபதி கொட்டாவி விட்டார். ஒன்றரை நாழிகை ஆனது. நாய் குறட்டை விட்டது. அரியநாச்சி ஒரு தூணோரமாக நின்று, இது தூக்கத்தில் ராஜாவின் காலைக் கடித்துவிட்டால் என்ன தண்டனை என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

ராஜாவுக்குச் செய்ய வேறு வேலை இல்லை. அந்த ஓலையை எடுத்து மறுபடி வாசித்தார். மூன்று நாளும் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் வாசித்ததை, இப்போது பாதத்தில் ஒரு சூடு ஏற உட்கார்ந்து வாசித்தார். வாசித்துவிட்டு எழுத்தரைக் கூப்பிட்டார்.

"மிதிச்சது யாருன்னு எழுதியிருக்கு பாரு."

எழுத்தர் பார்த்தார். "நம்ம நாட்டு எருமைங்க ராஜா. ஏழு."

"எருமையா?"

"ஆமா ராஜா. அடியில சின்னதா எழுதியிருக்கு."

"எருமைக்கு எல்லை தெரியுமாய்யா?" ராஜா சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்கியது, ஆனால் காலை மட்டும் அசைக்கவில்லை. "ஏழு எருமைக்கா நான் ஏழாயிரம் பேரை அனுப்பப் பார்த்தேன்? ரெண்டு குடம் நெய் அனுப்பி, மன்னிக்கணும்னு எழுது."

அந்தச் சிரிப்பில் பொரியன் விழித்தது. முன்கால்களை நீட்டிச் சோம்பல் முறித்தது. ராஜா எழுந்து நின்றார்.

"சட்டத்தில் நாலாவது உபயோகம் ஒண்ணு சேருங்க," என்றார்.

"என்னன்னு எழுதறது ராஜா?" என்றார் மந்திரி.

ராஜா யோசித்தார். "பக்கத்துல சும்மா இருக்கிறது."

அதோடு மருதவேலி நாய்கள் எல்லாமே பிழைத்தன. அந்த வேலை தெரியாத நாய் எது?

அரியநாச்சிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நாயைக் கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் ராஜா கேட்டார்.

"அம்மா, இந்த நாயை எனக்குத் தர்றியா?"

பாருங்கள். எத்தனை விதமாகக் கவலைப்பட்டவள் அவள். சிறுத்தைக்குக் கவலைப்பட்டாள். அக்கரைக்குப் போகிற தோணி கவிழ்ந்துவிடுமோ என்று கவலைப்பட்டாள். முயலுக்குக்கூடக் கவலைப்பட்டாள். ராஜாவுக்கு நாயைப் பிடித்துப்போய்விட்டால் என்ன செய்வது என்று மட்டும் கவலைப்பட மறந்துவிட்டாள். இத்தனை வருஷப் பழக்கம் இருந்து என்ன பிரயோஜனம்?

"நான் பறிச்சுக்க மாட்டேன். நாயே சொல்லட்டும்," என்றார் ராஜா.

சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் வெள்ளித் தட்டில் ஆட்டுக்கறி கொண்டுவந்து வைத்தார்கள். அரியநாச்சியைச் சபை வாசலில் நிற்கச் சொன்னார்கள். கூப்பிடக் கூடாது என்று மந்திரி சொன்னார். காலையில் கிளம்பிய அவசரத்தில் அவள் மடியில் ஒரு பிடி பொரிகூட எடுத்து வரவில்லை. வெறும் கையோடு நின்றாள்.

நல்ல நாயாக இருந்தால் கறியைத் திரும்பிப் பார்க்காமல் எஜமானியிடம் ஓடி வரும் என்று நீங்கள் நினைப்பீர்கள். சபையும் அப்படித்தான் நினைத்தது.

பொரியன் நேராகக் கறித்தட்டுக்குப் போனது.

அரியநாச்சி அதற்கு மேல் பார்க்கவில்லை. திரும்பி நடந்தாள். முதல் வாசலைத் தாண்டும்போது அழுகை வந்தது. இரண்டாம் வாசலைத் தாண்டும்போது, வீட்டில் அது தின்கிற தட்டைக் கழுவி எடுத்து வைத்துவிட வேண்டும் என்று நினைத்தாள். மூன்றாம் வாசலைத் தாண்டும்போது, நாய் இல்லாத வீட்டில் பத்து வருஷம் இருந்து, வயதாகி, யாரும் இல்லாமல் செத்தும்போயிருந்தாள். மணிக்கடியில் வந்து தூணைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள்.

சுடலைக்கண்ணு மூச்சிரைக்க ஓடி வந்தான். "எங்க அக்கா போற?"

"எல்லாம் முடிஞ்சுபோச்சு தம்பி."

"என்ன முடிஞ்சுபோச்சு? அது இன்னும் சாப்பிட்டே முடிக்கலயே!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

உள்ளே பொரியன் கறியைத் தின்று முடித்தது. தட்டை நக்கியது. தட்டுக்குக் கீழே ஏதாவது இருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்த்தது. ராஜாவைப் பார்த்து நன்றாக வாலை ஆட்டியது. பிறகு, சாப்பாடு முடிந்தால் எல்லோரும் செய்வது போல, வீட்டுக்குப் புறப்பட்டது. வாசலில் இருக்க வேண்டியவள் இல்லை என்றதும் மூன்றரைக் காலால் ஓட்டம் பிடித்தது. மூன்று வாசலையும் தாண்டி வந்து, அவள் மேல் மோதி நின்று, கறி வாசனையோடு முகத்தை நக்கியது.

ராஜா பின்னாலேயே வந்திருந்தார். "அதுக்கு என் கறியும் வேணும், உன் வீடும் வேணும்," என்று சிரித்தார். "நான்தான் ஏதோ ஒண்ணைத் தேர்ந்தெடுக்கும்னு நினைச்சேன்."

"நானும்தான் ராஜா," என்றாள் அரியநாச்சி.

அரியநாச்சியும் பொரியனும் வீட்டுக்கு நடந்து போனார்கள். ஒவ்வொரு மரத்திலும் நின்று, ஒவ்வொருவரிடமும் வாலை ஆட்டிக்கொண்டு போனார்கள். வாலை ஆட்டியது பொரியன்தான், ஆனால் அரியநாச்சியும் நின்றாள். பாதி வழியில், அவ்வளவு கறி தின்றதே, வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று அவளுக்குக் கவலை வந்தது. வரட்டும், ஒரு கவலைதானே. வீடு போய்ச் சேர்ந்து அடுப்பை மூட்டினாள், மணல் காயும்வரை அவள் முழங்கையில் ஒரு தாடை இருந்தது.

இந்தக் கதை சொல்லும் நீதி இது: வந்து சேராத துன்பத்துக்காக அழுதுகொண்டு நடந்தால், நம் பின்னாலேயே ஓடி வருகிற சந்தோஷம் நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.